தொலைநிலைக் கல்வியில் உலகளாவிய வரலாறு: முதுகலை மாணவரும் மூல ஆவணமும்

உலக வரலாறு என்றும் உலகளாவிய வரலாறு என்றும் இரு தொடர்கள் வரலாற்றுத் துறையில் இன்று வழங்குகின்றன. இரண்டும் ஒன்றே எனக் கொள்வாரும் உளர். நாடுகள் பலவற்றின் வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கூறுவது முன்னையது. மக்களும் பொருள்களும் பயிர்களும் நோய்களும் சமயங்களும் நாடுவிட்டு நாடு சென்ற வழிகளை ஆராய்வதும், தம்முள் தொடர்பற்ற நாடுகளை ஒப்புநோக்கி அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகட்குக் காரணம் காண்பதும் பின்னையது. டாயின்பி 1934 முதல் 1961 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட வரலாற்றாய்வும், மக்நீல் 1963-இல் வெளியிட்ட மேலை நாடுகளின் எழுச்சி பற்றிய நூலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன எனலாம். சஞ்சய் சுப்பிரமணியம் 1997-இல் இணைவுற்ற வரலாறுகள் என்னும் கருத்தை முன்வைத்ததும், கென்னத் பொமரான்சு 2000-ஆம் ஆண்டில் சீனத்து யாங்சி ஆற்றுப்படுகையை இங்கிலாந்தோடு ஒப்பிட்டு எழுதியதும், 2006-இல் இத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் தோன்றியதும் பின்னைய நெறி வேரூன்றியதைக் காட்டும்.

இத்துறையைப் பற்றித் தமிழாய்விதழ் ஒன்றில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றோர் பலர், ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே வரலாற்றில் இரண்டாம் முதுகலைப் பட்டம் பெறத் தொலைநிலைக் கல்வியை நாடுகின்றனர். அவர்கட்கு அஞ்சலிலோ கணிப்பொறி வழியாகவோ பாடங்கள் வந்து சேர்கின்றன. அவற்றுள் உலக வரலாறும் ஒரு பகுதியாக அமைகிறது. அதனை அவர்கள் தேர்வுக்குரிய சுமையாகவே பெரும்பாலும் கருதுகின்றனர். தாம் முன்னரே கற்ற தமிழுக்கும் அப்பாடத்திற்கும் தொடர்பில்லை என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், உலகளாவிய வரலாற்றில் தொலைநிலை மாணவர் வெறும் பாடம் கேட்பவராக நில்லாது ஆய்வாளராக உயர்வதற்கு அவர் அறிந்த மொழியே வாயில் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொலைநிலைக் கல்வியின் வளர்ச்சியை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் பெற்ற புதிய சாசனத்தின்படி, எங்குக் கற்றவராயினும் அதன் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இலங்கையில் 1921-இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில், தன் மாணவரை அவ்விலண்டன் தேர்வுகட்கே ஆயத்தம் செய்தது. ஆயினும் இலண்டன் பல்கலைக்கழகம் அளித்தது தேர்வேயன்றிக் கற்பித்தல் அன்று. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. கற்பித்தலையும் அஞ்சல் வழியே நிகழ்த்தும் முயற்சி தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1962-இலும், மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979-இலும் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1969-இல் சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் மாணவரை ஏற்றது. அதனைப் பின்பற்றி 1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன.

உலக வரலாற்றைத் தொலைவிலிருந்து கற்பிப்பது என்றவுடன் சவகர்லால் நேருவின் நூல் நினைவுக்கு வரும். 1930-க்கும் 1933-க்கும் இடையே சிறையிலிருந்து தம் மகளுக்கென அவர் எழுதிய 196 கடிதங்கள் 1934-இல் நூலாயின. எச். ஜி. வெல்சு எழுதிய உலக வரலாற்றுச் சுருக்கம் அவர்க்குப் பெரிதும் உதவியது. நூலக வாய்ப்பின்றி எழுதப்பெற்ற அந்நூலின் பரப்பு வியக்கத்தக்கது. ஆனால் அந்நூலில் தந்தையின் குரலே உண்டு. மகளின் வினாக்களும் மறுப்புகளும் இல்லை. அஞ்சல்வழிப் பாடங்கள் பலவற்றின் அமைப்பும் இதுவேயாகும். எழுதுவோர் ஒருவர், படிப்போர் பல்லாயிரவர், மறுமொழி செல்லும் வழி மிகக் குறுகியது. பன்னிரண்டு வயதுச் சிறுமியை நோக்கி எழுதத் தொடங்கிய கடிதங்கட்கு அவ்வமைப்புப் பொருந்தலாம். முதுகலைக் கல்விக்கு அது பொருந்துமா?

பிரஞ்சு வரலாற்றறிஞர் பெர்னான் பிரோதேலின் செயல் இவ்வினாவிற்கு வேறொரு வகையில் விளக்கம் தருகிறது. 1940-இல் செருமானியரால் சிறைப்பிடிக்கப்பெற்ற அவர், மைன்சு, இலூபெக்கு ஆகிய இடங்களின் முகாம்களில் ஐந்தாண்டுகள் இருந்தார். மத்தியதரைக் கடலுலகைப் பற்றிய தம் பெருநூலின் முற்படிவத்தை அங்கிருந்தே பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதி, அறிஞர் இலூசியன் பெவருக்கு அஞ்சலில் விடுத்தார். நூல் 1949-இல் வெளிவந்தது. பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார் என்று இச்செய்தியைப் பலரும் வியந்து கூறுவர். வியப்புக்குரியது அதுவன்று. சிறைக்கு முற்பட்ட பத்தாண்டுகளுக்கு மேலாக அவர் ஐரோப்பாவின் ஆவணக் காப்பகங்கள் பலவற்றில் உழைத்திருந்தார். பழைய திரைப்படக் கருவி ஒன்றைக் கொண்டு நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஏடுகளைப் படம் பிடித்தார். பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோவில் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில் அப்படச்சுருள்களைப் படித்தார். ஆவணத்தைப் பற்றிய பிறர் கூற்றை அவர் நினைவில் கொள்ளவில்லை. ஆவணத்தையே நினைவில் கொண்டார். தொலைவு அவர் ஆய்வைக் கெடுக்காமைக்குக் காரணம் இதுவே.

தொலைநிலைப் பாடங்களில் மாணவர்க்கு வந்து சேர்வது எது என நோக்குதல் வேண்டும். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுப் பாடத்திட்டத்தில் பண்டை இடைக்காலச் சமுதாயங்கள், தற்கால உலகம், வரலாற்றெழுதியல் என்னும் தாள்கள் இடம்பெற்று வந்துள்ளன. தேர்ந்த பேராசிரியர்களால் எழுதப்பெற்ற அப்பாடங்கள் இணையத்திலும் எவர்க்கும் கிடைக்கின்றன. வகுப்பறைக் குறிப்புகள் பலவற்றினும் அவை மேலானவை என்று கூறத் தயங்க வேண்டுவதில்லை. எனினும் அவை பிறர் ஆய்ந்து கண்ட முடிவுகளின் தொகுப்பு. முடிவுகளை நன்கு உணர்ந்து எழுதுபவர் தேர்வில் சிறப்புற வெற்றி பெறுவார். அம்முடிவு எவ்வாறு எய்தப்பெற்றது, அதனை மறுப்பதற்கு எது சான்றாகும் என்பதை அவர் அறிந்தார் என்று அவ்வெற்றி கொண்டு கூற இயலாது.

இளங்கலைக்கும் முதுகலைக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தொழிலாளரின் வாழ்க்கைத்தரம் ஆசியத் தொழிலாளரினும் உயர்ந்திருந்தது என்பது நெடுங்காலம் ஐயமின்றி ஏற்கப்பெற்ற கருத்து. பிரசன்னன் பார்த்தசாரதி 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் தென்னிந்திய நெசவாளரின் கூலியை ஆங்கிலத் தொழிலாளரின் கூலியோடு ஒப்பிட்டு, அக்கருத்தை மறுத்தார். வெள்ளி நாணயமாகக் கணக்கிட்டால் குறைவாகத் தோன்றும் கூலி, அது வாங்கக்கூடிய தானியமாகக் கணக்கிட்டால் ஆங்கிலேயரின் கூலிக்கு ஒப்பாகிறது என்பது அவர் வாதம். இதனைப் பிராட்பெரி, குப்தா ஆகிய இருவரும் 2006-இல் மறுத்து, இந்தியாவின் தானியக் கூலியும் பதினெட்டாம் நூற்றாண்டிற்குள் பின்தங்கிவிட்டது என வாதிட்டனர். பாடநூல் இவ்விரு கருத்துகளையும் இரண்டு பத்திகளில் கூறிச் செல்லும். மாணவரும் இரண்டையும் எழுதி, உண்மை இரண்டிற்கும் இடையே உள்ளது என்று முடிப்பார். அம்முடிவால் பயன் இல்லை. தானியக் கூலி என்பது அளவையைப் பொறுத்தது. கலம், மரக்கால், படி என்னும் அளவைகள் ஊர்தோறும் வேறுபட்டன. ஓர் ஆவணத்தில் வரும் மரக்கால் எவ்வூர் மரக்கால் என்பதை அறியாமல் கூட்டிக் கழித்த எண், எவ்வளவு நுட்பமாகத் தோன்றினும் ஐயத்திற்குரியதே. இவ்விடத்தில் தமிழ்க் கல்வெட்டிலும் ஓலைக் கணக்கிலும் பயிற்சியுடைய மாணவர், தம் பாடத்தை எழுதிய பேராசிரியர்க்கே வினா எழுப்ப வல்லராகிறார்.

மொழியறிவின் இன்றியமையாமையைக் காலித் துறைமுகத்து மும்மொழிக் கல்வெட்டு இன்னும் தெளிவாக உணர்த்தும். 1911-இல் இலங்கையின் காலி நகரில் வடிகால் ஒன்றன் மூடுகல்லாகக் கிடந்த இதனைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். இன்று இது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனப் பேரரசர் யுங்லோவின் ஆணைப்படி கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்த இக்கல், 1409-ஆம் ஆண்டுப் பெப்ருவரித் திங்களில் நாளிடப் பெற்றது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பெற்றுள்ளன. மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்புகள் என்றே எவரும் எளிதில் கருதுவர். ஆனால் உண்மை வேறு. சீனப் பகுதி புத்தர் பெருமானைப் போற்றிக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்னும் திருமாலின் திருவுருவை வாழ்த்தி அதே காணிக்கையைச் செலுத்துகிறது. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இசுலாம் சமயத்தை நோக்கியது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுநெய் என்று செல்லும் காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது.

சீனம் மட்டும் கற்றவர் இக்கல்லைப் படிப்பின், பௌத்த அரசர் ஒருவர் பௌத்த நாட்டிற்கு அளித்த கொடை என்பார். தமிழ் மட்டும் கற்றவர், தென்னிலங்கைத் திருமால் கோயிலின் சிறப்புக்குச் சான்று என்பார். மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கியவர்க்கே, காலித் துறையில் வணிகம் செய்தோர் யாவர், அவருள் எவரெவரை மகிழ்விக்கச் சீனப் பேரரசு விரும்பியது என்னும் வினா தோன்றும். தேவந்துறைக் கோயிலைப் போற்றும் பகுதிக்குச் சிங்களத்தைக் கொள்ளாது தமிழைத் தேர்ந்தமை, இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. இக்கல் சீனத்திலேயே எழுத்துப் பொறிக்கப்பெற்றுக் கப்பலேறியது என்பது அறிஞர் துணிபு. அங்ஙனமாயின் சீனத்தில் இருந்துகொண்டு இத்தமிழை எழுதியவர் யார்? மிங் பேரரசு 1407-இல் நிறுவிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் எட்டுப் பிரிவுகளில் பாரசீகம் உண்டு. இந்தியாவுக்கெனப் பொதுவாக ஒரு பிரிவும் உண்டு. தமிழுக்கெனத் தனியே ஒன்றில்லை. தென்கிழக்குச் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று சிவன் கோயில் எடுத்த செய்தியைக் கூறுவதால், தமிழ் வணிகர் அந்நாட்டில் தங்கியிருந்தமை ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. இவ்விரு கற்களுக்கும் இடைப்பட்ட நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் அத்தமிழர் வழியினர் என்ன ஆயினர் என்பது முதுகலை ஆய்வேட்டிற்குரிய நல்ல வினா.

இன்னொன்றும் கூற வேண்டும். கல்வெட்டின் மொழி பணிவும் வள்ளன்மையும் நிறைந்தது. ஆனால் அதே செங் ஹே இலங்கை அரசர் ஒருவரைப் போரில் சிறைப்பிடித்து 1411-இல் சீனத் தலைநகருக்குக் கொண்டு சென்றார். இதனைச் சீன வரலாற்றேடுகள் கூறுகின்றன, கல் கூறாது. கல்லைப் படித்தவர் ஏட்டையும், ஏட்டைப் படித்தவர் கல்லையும் படித்தல் வேண்டும்.

மும்மொழியும் வல்ல ஒருவரைக் காண்பது அரிது. இக்கல்லையும் அறிஞர் பலர் பகுத்துக்கொண்டே ஆராய்ந்தனர். தமிழ்ப் பகுதியைப் பரணவிதான படித்து எபிகிராபியா செய்லானிக்காவின் மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார். இக்கூட்டு முயற்சியிலிருந்து தொலைநிலைக் கல்வி கற்க வேண்டுவது மிகுதி. ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஓரிரு மொழிகளே அறிந்தவர். தொலைநிலை வகுப்பிலோ தமிழ்நாட்டு மாணவரும் வங்க மாணவரும் கேரள மாணவரும், பன்னாட்டு நிறுவனமாயின் சீனரும் அரபியரும் ஒரே தாளைப் பயில்கின்றனர். இவர்கள் பல இடங்களில் சிதறியிருப்பதைக் குறையாகவே கருதிப் பழகிவிட்டோம். உலகளாவிய வரலாற்றைப் பொறுத்தவரை அதுவே பெருஞ்செல்வம். பாடத்தை அமைப்போர், ஒவ்வொரு மாணவரும் தம் மொழியில் உள்ள ஒரு மூல ஆவணத்தைப் பிறர்க்கு விளக்கி எழுதுதல் வேண்டும் என ஒரு பயிற்சியை வகுப்பின் அச்செல்வம் பயன்படும். எல்லார்க்கும் ஒரே ஐந்து வினாக்களை விடுத்து ஒரே வகையான விடைகளைப் பெறும் முறையில் அது வீணாகிறது. திருத்துவோர்க்கு அம்முறை எளிது என்பது உண்மையே. ஆனால் திருத்துவோரின் எளிமையைக் கருதிக் கல்வித்திட்டம் அமைப்பது முறையன்று.

மொழிபெயர்ப்பை மட்டும் நம்புவதால் நேரும் இழப்புக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தக்க சான்று. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பெற்ற அந்நாட்குறிப்பு, ஆங்கில பிரஞ்சுப் போட்டியைப் பற்றி உலகில் எங்கு எவர் எழுதினும் எடுத்தாளப்பெறுவது. அவர்கள் எடுத்தாள்வது 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பையே. பிள்ளையின் நடை பேச்சுத்தமிழும் வடசொல்லும் பாரசீகச் சொல்லும் பிரஞ்சுச் சொல்லும் விரவியது. எச்செய்தியை எம்மொழிச் சொல்லால் கூறுகிறார் என்பதே அக்காலப் புதுச்சேரியின் சமுதாய நிலையைக் காட்டும். ஆங்கிலத்தில் இவையனைத்தும் ஒரு நிறம் பெற்றுவிடுகின்றன. தமிழறிந்த மாணவரும் மொழிபெயர்ப்பையே மேற்கோள் காட்டி ஆய்வேடு எழுதுவதைக் காண்கிறோம். பாடத்திட்டத்தின் நூற்பட்டியலில் இருப்பது அதுவே என்பது அவர் கூறும் அமைதி. கைக்கெட்டும் மூலத்தை விடுத்து அதன் நிழலைப் பின்பற்ற அந்நூற்பட்டியல் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

மூல ஆவணங்கள் தொலைநிலை மாணவர்க்குக் கிட்டா என்று முன்னர்க் கூறியது இன்று பெரும்பாலும் பொருந்தாது. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள் தி ஹேக், சகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் ஆகிய நகரங்களில் உள்ளன. 2003-இல் யுனெசுகோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தி ஹேக்கிலுள்ள பகுதியில் பெருந்தொகையான ஏடுகளை வீட்டிலிருந்தே காணலாம். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கப் பிரித்தானிய நூலகம் 2004-இல் தொடங்கிய திட்டமும், சென்னை ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் செய்துள்ள பணி பெரிது. எனினும் இணையத்தில் உள்ளது என்றும் இருக்கும் எனக் கருதுதல் கூடாது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பெற்றபோது அதன் மின்படிகள் பல மாதங்கள் எவர்க்கும் கிட்டவில்லை. அவற்றையே நம்பி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தோர் இடருற்றனர். பிரோதேல் போலத் தமக்கென ஒரு படி எடுத்து வைத்தலும், எவ்வேட்டின் எப்பக்கம் என்று அன்றன்றே குறித்தலும் மாணவரின் முதற்கடமைகள்.

படிமம் கிடைத்தலும் படித்தலும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கையெழுத்தைப் படிக்கப் பல திங்கள் பயிற்சி வேண்டும். புள்ளியும் பிரிப்பும் இன்றி எழுதப்பெற்ற ஓலையைப் படிப்பதும் அத்தகையதே. இப்பயிற்சியை அச்சிட்ட பாடத்தால் அளிக்க இயலாது. ஆசிரியரோடு உடனிருந்து ஒரே ஏட்டை இருவரும் நோக்கிப் பெற வேண்டிய திறன் இது. ஆகவே தொலைநிலை முதுகலை வகுப்பிற்கு ஆண்டில் இரண்டு கிழமைகளேனும் நேர்முகப் பயிற்சி வேண்டும். விடுமுறைக் காலத்தில் நடைபெறும் தொடர்பு வகுப்புகளில் பாடத்தையே மீண்டும் படித்துக் காட்டுவதை விடுத்து, இதனைச் செய்யலாம். பாடத்தை மாணவர் தாமே படித்துக்கொள்வர். அதற்காகத்தானே அச்சிட்டு அனுப்புகிறோம்.

ஆய்வேட்டிற்குப் பொருள் தேர்வதில் பெரும்பரப்பை நாடும் வழக்கம் மாணவரிடையே மிகுதி. இந்துமாக்கடல் வணிகம் என்றோ குடியேற்ற ஆட்சியும் உலகப் பொருளாதாரமும் என்றோ தலைப்பிடுகின்றனர். ஓராண்டிற்குள், பணியினிடையே, நூலகத்திற்குத் தொலைவில் இருந்து அவற்றை எழுதுவோர் பாடநூலையே வேறு சொற்களில் எழுதி முடிப்பர். சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வரும் வணிகக் குழுவின் பெயரைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் தேடிக் கண்டு ஒப்பிடுதல் அவ்வளவு பெரிய வேலையன்று. ஆனந்தரங்கப் பிள்ளை குறிக்கும் துணிவகைகளின் பெயர்களுள் இருபதைத் தேர்ந்து, பிரஞ்சு, ஒல்லாந்தர் கணக்கேடுகளில் அவை எவ்வாறு எழுதப்பெற்றன, எவ்விலைக்கு விற்றன என ஒப்பிடுதலும் அத்தகையதே. தமிழ்ப்பகுதியை மாணவர் தாமே படிக்கலாம். பிரஞ்சு ஏட்டிற்கு உடன் பயிலும் ஒருவரின் துணையைக் கடிதம் எழுதிப் பெறலாம். அத்தகைய ஆய்வேட்டிற்கு ஐம்பது பக்கங்கள் போதும்.